அடியிலும் ஒரு குடம்

எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், "பூவாத்தாளா? அவளுக்கு அதிர்ஷ்டம்" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிர்ஷ்டமாம்! சாணி மெழுகிய தரையில் மல்லாக்கப் படுத்து, பலகைக்கு அடியில் தலையை விட்டு, கோழி இறகால் சந்து சந்தாக அரக்கு பூசியவளுக்கு அதிர்ஷ்டமாம். கூட இருந்து பார்த்தவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நடுவில் என் வீட்டுக்காரரைப் பற்றியும் நாலு வார்த்தை வரும். அவர் படித்தால் படிக்கட்டும்.

என் பெயர் மெட்டில்டா. மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி, ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீட்டுக்காரர் ஸ்டானிஸ்லாஸ் மேஜை நாற்காலி செய்யும் பட்டறையில் பாலிஷ் போடுகிறவர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை உண்டு. என் அப்பா குதிரைவண்டி வைத்திருந்த காலத்தில் வண்டி நின்ற இடம். குதிரை போய், வண்டியும் போய், எலி மட்டும் குடியிருந்த அந்தக் கொட்டகையை வாடகைக்குக் கேட்டுக்கொண்டு தாது வருஷத்துத் தசரா முடிந்த கையோடு பூவாத்தாள் வந்து நின்றாள்.

அவளுக்கு ஊர் ராமாபுரம். கொள்ளேகாலைத் தாண்டி, மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழி. நம் மகாராஜா எல்லைக்கு வெளியே, பிரிட்டிஷ் சீமை. புருஷன் ரத்தினசாமியோடு மைசூருக்குப் பிழைக்க வந்தவள். அவன் தோட்ட வேலை பார்த்தான், இவள் ஊதுபத்தி தேய்க்கிற கொட்டகை ஒன்றில் கூலிக்குப் போனாள். வந்த மூன்றாம் வருஷம் விஷ ஜுரத்தில் அவன் போய்விட்டான். என் வார்டில்தான் படுத்திருந்தான். அப்படித்தான் எனக்கு அவளைத் தெரியும்.

அவள் பத்தி தேய்க்கிற அழகை நின்று பார்க்க வேண்டும். கரித்தூளும் சந்தனத்தூளும் பிசின் பட்டையும் சேர்த்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவில் நெல்லிக்காய் அளவு கிள்ளுவாள். பலகையில் வைத்து, மூங்கில் குச்சியை மேலே வைத்து, உள்ளங்கையால் ஒரு தள்ளு. அவ்வளவுதான், குச்சி முழுக்க மாவு ஏறியிருக்கும். நான் ஒரு நாள் முயன்று பார்த்தேன். எனக்கு வந்தது பத்தி இல்லை, முருங்கைக்காய்.

"சொந்தமா ஒரு கொட்டகை போடறனுங்கக்கா. எட்டுப் பொம்பளைங்க வரேன்னு சொல்லியிருக்கறாங்க" என்றாள்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. அவள் அண்ணன் மாரிசாமி. ராமாபுரத்தில் நாலு ஏக்கர் ராகிக் காடு, ஒரு ஜோடி மாடு வைத்திருக்கிற மனுஷன். தங்கை மேல் உயிரையே வைத்திருப்பவர். அதனாலேயே தொல்லை. தனியாக, அதுவும் வேறு ராஜாங்கத்து ஊரில், அவள் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "அடுத்த தசராவுக்கு வாறேன் அம்மிணி. உன்ற கொட்டகை நிமிர்ந்து நின்னுதுன்னா இரு. இல்லைன்னா ஒரு பேச்சுப் பேசாம பஸ் ஏறோணும்" என்று சொல்லிவிட்டார். இவளும் மாதேஸ்வரன் மேல் சத்தியம் செய்துவிட்டாள்.

"ஊருக்குப் போனா என்னடி? அண்ணன் நல்லாத்தானே வச்சுக்குவார்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நல்லாத்தான் வெச்சுக்குவாருங்க. ஆனா அங்க நான் மாரிசாமி தங்கச்சி. இங்கதானுங்கக்கா எல்லாரும் என்னைய பூவாத்தாள்னு கூப்புடறாங்க" என்றாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இனி பலகைக்கு வருகிறேன். அந்த வருஷம் தசராப் பொருட்காட்சியில் ஒரு கடைக்காரர் தட்டிக்குப் பதிலாகச் சீமைப் பலகை நிறுத்தியிருந்தார். மரத்தை நாராக்கி, கூழாக்கி, மெஷினில் அழுத்திச் செய்ததாம். பார்த்தால் அட்டை, தட்டினால் மரம். பொருட்காட்சி முடிந்ததும் அதை விலை போட்டார்கள். என் வீட்டுக்காரர் இரண்டு பலகையைத் தலையில் சுமந்து வந்து கொட்டகையில் சாத்தினார். தெருவில் எல்லோரும் வந்து தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

பூவாத்தாள் தட்டவில்லை. உள்ளங்கையால் தடவினாள். "ரேகையே இல்லீங்களேண்ணா!" என்றாள். மரப்பலகையில் ரேகை இருக்கும், வெடிப்பு இருக்கும். மாவு அதில் மாட்டிக்கொள்ளும், குச்சி வரிவரியாக வரும். இதுவோ கண்ணாடி. ஸ்டானிஸ்லாஸ் பழைய வண்டிக் கட்டையில் சட்டம் அடித்து, ஒரு பலகையை அதன் மேல் பொருத்தி, நாலு விரல் உயரத்துக்குக் கால் வைத்துக் கொடுத்தார். தரையில் உட்கார்ந்து தேய்க்கிறவர்களுக்கு அந்த உயரம்தான் தோது. இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர்.

ஆறேழு மாதம் கொட்டகை திருவிழாவாக இருந்தது. காலையில் வந்ததும், எட்டுப் பேரில் மூத்தவளான கௌரம்மா தலைமையில் சாணி கரைத்துத் தரையை மெழுகுவார்கள். சாமிக்குப் போகிற பொருளாயிற்றே. அது காய்கிறதற்குள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து மாவைக் கிள்ள ஆரம்பித்துவிடுவார்கள். கௌரம்மா கன்னடத்தில் பாடுவாள், பூவாத்தாள் தமிழில் எதிர்ப்பாட்டு எடுப்பாள், நடுவில் யாராவது மாமியாரைத் திட்டுவார்கள். ராத்திரி டியூட்டி முடித்து வந்து தூங்க முடியாமல் நான் கத்துவேன். "சும்மிருங்கடீ!" என்றால் ஐந்து நிமிஷம் அமைதி. ஆறாவது நிமிஷம் சிரிப்பு இன்னும் பெரிதாகக் கேட்கும்.

ஆனி பிறந்து சாரல் பிடித்தது. ஒரு நாள் பூவாத்தாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பலகையின் ஓரம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி உப்பியிருந்தது. நடுவில், ஈர மாவு படுகிற இடமெல்லாம், மேடு மேடாக எழும்பியிருந்தது.

ராமாபுரத்துக்காரர்களுக்கு எல்லா நோவுக்கும் ஒரே மருந்து வேப்பெண்ணெய். மாட்டுக்குப் புண்ணா, வண்டி அச்சு கத்துகிறதா, கதவில் கரையானா, வேப்பெண்ணெய். நான் டியூட்டிக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு சட்டி நிறையக் காய்ச்சி, பலகைக்குத் தலை முதல் கால் வரை தேய்த்துவிட்டாள். அந்தப் பலகையும் வஞ்சனை இல்லாமல் குடித்தது.

ஒரு வாரம் கழித்துச் சித்தையன் வந்தார். மாவும் குச்சியும் கொடுத்து, தேய்த்த பத்தியை வாங்கி, வாசனை ஏற்றி விற்கிற மார்க்கெட் கடைக்காரர். நல்ல மனுஷன், ஆனால் கன்னடம் கலந்த தமிழில் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

"ஏனம்மா இது! நான் ரோஜா அத்தர் ஏத்தறேன், நீ வேப்பெண்ணெய் ஏத்தறே! ஒரு வக்கீல் வீட்டம்மா பெட்டியைத் திருப்பி அனுப்பிட்டாங்க. பூஜை ரூமுக்கு யாரு கொசுப்புகை போடச் சொன்னதுன்னு கேக்கறாங்க!"

கௌரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. பூவாத்தாள் மட்டும் தலையைக் குனிந்து நின்றாள். எண்ணெய் ஊறிய அந்தப் பலகை அத்தோடு தீர்ந்தது. இப்போது அது என் கோழிக்கூட்டுக்குக் கூரை. இன்றுவரை கூட்டில் ஒரு பூச்சி கிடையாது.

மிச்சம் ஒரு பலகை. அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டார். "எண்ணெய் காயாது. இதுக்கு அரக்குதான். நான் போடறேன் பாலிஷ், அப்புறம் பாரு" என்றார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கில் பஞ்சை நனைத்து, துணியில் சுற்றி, வட்டம் வட்டமாகப் பூசினார். காயவிட்டு மறுபடி, காயவிட்டு மறுபடி, ஏழு தடவை. ஸ்பிரிட் வாடை பறந்துபோகும், அரக்குக்கு வாடை கிடையாது. கடைசியில் பலகை முகம் பார்க்கிற மாதிரி ஜொலித்தது. எட்டுப் பெண்களும் முகம் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார்கள்.

சீசாவில் கொஞ்சம் அரக்கு மிச்சம் இருந்தது. "அதை அடியில பூசிடுங்களேன்" என்றேன்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில் பண்றேன். மேஜைக்கு வயித்துல எவனாவது பாலிஷ் போடுவானா? குனிஞ்சு பார்க்கப்போறது யாரு?" என்றார்.

எனக்கு அப்போது பெரிய ஞானம் ஒன்றும் இல்லை. சீசா காலியானால் மண்ணெண்ணெய்க்கு ஆகுமே என்று சொன்னதுதான். இருந்தாலும் சொன்னேனா இல்லையா? சொன்னேன். அதை அவருக்கு நான் இன்றுவரை ஞாபகப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

பன்னிரண்டு நாள் ஜோராகப் போயிற்று. பதின்மூன்றாம் நாள் பலகை படகாகிவிட்டது. ஓரமெல்லாம் மேலே தூக்கி, நடு பள்ளமாகத் தொங்கியது. பள்ளத்தில் தேய்த்தால் குச்சியின் நடுவில் மாவு ஒரு பக்கம் தடிக்கும், ஒரு பக்கம் ஏறாது. அப்படிப்பட்ட பத்தி பாதியில் அணைந்துபோகும். பூஜை நடுவில் பத்தி அணைந்தால் யார் மனசு சும்மா இருக்கும்?

சித்தையன் இந்தத் தடவை சத்தம் போடவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நீளமான மூங்கில் குச்சியை எடுத்துப் பலகையின் குறுக்கே வைத்தார். அந்தப் பக்கம் ஒரு விளக்கைக் கொளுத்தி வைத்து, இந்தப் பக்கம் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார். குச்சிக்கும் பலகைக்கும் நடுவில் வெளிச்சம் பளீரென்று வந்தது.

"நோடும்மா, பாரு. எலியே போகும். ஆயுத பூஜை அன்னிக்கு வர்றேன். அன்னிக்கு இந்தக் குச்சிக்கு அடியில வெளிச்சம் வந்தா, மாவு வேற கொட்டகைக்குப் போகும். கோவிச்சுக்காதே, எனக்கும் பேர் கெடுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குத்தான் பூவாத்தாள் அழுது பார்த்தேன். ரத்தினசாமி போனபோதுகூட என் எதிரில் அழாதவள், பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பினாள். "போயிர்றனுங்கக்கா. அண்ணன் வந்ததும் போயிர்றேன்" என்றாள். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. "மூஞ்சியைக் கழுவிட்டு வந்து சோறு தின்னு, மூதேவி" என்றேன்.

மறுநாள் நல்ல வெயில். கௌரம்மா தன் மகள் கல்யாணத்துக்கு அப்பளம் இட்டு, ஈரத்துணியில் பரப்பி, எங்கள் முற்றத்தில் காயவைத்திருந்தாள். பூவாத்தாள் காக்கை விரட்ட உட்கார்ந்தவள், திடீரென்று ஓர் அப்பளத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடிவந்தாள்.

"அக்கா! இதப் பாருங்கக்கா! ஓரம் தூக்கியிருக்குது பாருங்க!"

"அப்பளம் காஞ்சா ஓரம் தூக்காம என்ன பண்ணும்?"

"மேல காஞ்சிருச்சு, அடியில ஈரம். அதனாலதானுங்க தூக்குது. திருப்பிப் போட்டா நேராயிரும். நம்ம பலகையும் இப்படித்தானுங்களே தூக்குது! மொதப் பலகை மாவு ஈரத்துல முதுகத் தூக்குச்சு. இது வயித்தத் தொங்கப் போடுது. ஈரம் அடியில இருக்குதுங்கக்கா!"

இரண்டு பேரும் கொட்டகைக்கு ஓடினோம். அவள் பலகைக்கு அடியில் கையை விட்டுத் தடவி, வெளியே எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கை சில்லென்று நனைந்திருந்தது. சாணி வாசனை அடித்தது.

தினமும் விடியற்காலையில் மெழுகுகிற தரை! நாலு விரல் உயரத்தில் பலகை! மெழுகின ஈரம் முழுக்க மேலே போய் அந்தப் பாலிஷ் இல்லாத வயிற்றுக்குள்தான் இறங்கியிருக்கிறது. நாங்கள் எல்லாரும் மாவு ஈரத்தைக் குற்றம் சொல்லிக்கொண்டு மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூலையில ஈரம் பத்தலைன்னு இன்னொரு சொம்பு ஊத்தி மெழுகுனவளே நாந்தானுங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அழுத மறுநாளே அப்படி ஒரு சிரிப்பு.

"அப்போ மெழுகறதை நிறுத்திடலாம்" என்றேன் நான். கௌரம்மா என்னை முறைத்த முறைப்பு! "சாமி பொருளை மெழுகாத தரையில தேய்க்கறதா? நாங்க வரமாட்டோம்" என்றாள். பூவாத்தாளும் அவள் கட்சிதான். தரை தரையாகவே இருக்கட்டும், பலகைதான் மாற வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

பலகையைச் சட்டத்திலிருந்து கழற்றி, வயிற்றை வெயிலுக்குக் காட்டிக் கவிழ்த்தாள். மேலே அம்மிக்கல், ஆட்டுக்கல், என் அப்பாவின் வண்டிச்சக்கரம் எல்லாம் ஏற்றினாள். அஞ்சாம் நாள் அது நேரானது. மேலும் ஒரு வாரம் காயவிட்டாள். பிறகு ஸ்டானிஸ்லாஸைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, வயித்துக்கும் பாலிஷ் போடோணுமுங்க."

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் இருமினேன், அவ்வளவுதான்.

அவர் அடிப்பக்கத்துக்கும் ஏழு தடவை பூசினார். ஓரம் பூசுகிறபோதுதான் தெரிந்தது, வெட்டுவாய்தான் பெரிய குடிகாரன். முதல் பூச்சு போட்ட இடமே தெரியாமல் உறிஞ்சிவிட்டது. இரண்டாவதும் அப்படியே. பத்துப் பூச்சுக்குப் பிறகுதான் ஓரம் மினுமினுத்தது. திருகாணித் துளைகளுக்குள்ளும் அரக்கு விட்டார். ஆனால் மனுஷன் அவசரக்காரர். சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவில் பூசாமலேயே திருகாணியை முடுக்கிவிட்டார். அந்தச் சந்துகளுக்காகத்தான் பூவாத்தாள் கோழி இறகோடு தரையில் மல்லாக்கப் படுத்தாள். ஒரு பகல் முழுக்கப் படுத்தே இருந்தாள். எழுந்தபோது தலைமுடியில் அரக்கு ஒட்டி, கத்திரிக்கோலால் வெட்ட வேண்டியதாயிற்று. வெட்டியவள் நான்தான். கொஞ்சம் கோணல்.

அதோடும் அவளுக்குத் திருப்தி இல்லை. "ஓரத்துக்கு இன்னும் ஏதாச்சும் வேணுமுங்கக்கா." எனக்கு ஒரு யோசனை வந்தது. மாதா கோயில் உபதேசியாரிடம் போய், பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுத்திரித் துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். எல்லாம் தேன்மெழுகு. உருக்கி, சூட்டோடு ஓரத்திலும் அடியிலும் தேய்த்தோம். மேலே மட்டும் தேய்க்கவில்லை. மேலே வழுக்கினால் மாவு உருளாது.

கௌரம்மா லேசாக இழுத்தாள். "மாதா கோயில் மெழுகாச்சே. நம்ம சாமிக்குப் பத்தி..."

"மாதாவும் பொம்பளதானுங்க. எட்டுப் பொம்பளைங்க பொழைக்கறதுக்கு வேண்டாம்னா சொல்லப்போகுது?" என்றாள் பூவாத்தாள். கௌரம்மா அதற்குப் பிறகு என்னைவிட அழுத்தித் தேய்த்தாள்.

கடைசியாகக் காலுக்கு அடியில் கல் வைத்து ஒரு சாண் உயர்த்தினோம். பெண்கள் உட்காரச் சாக்கை மடித்துப் போட்டோம். வேலை மறுபடி ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் பலகையை உலர்ந்த துணியால் துடைப்பாள். அமாவாசை லீவு நாளில் ஸ்டானிஸ்லாஸ் மேலே ஒரு பூச்சு போடுவார். காலையில் சாணி மெழுகல் எப்போதும் போல நடந்தது. நான் தினமும் டியூட்டிக்குப் போகுமுன் குனிந்து வயிற்றைப் பார்ப்பேன். யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள் என்று கேட்டாரே, நான் பார்த்தேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாரிசாமி பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் பச்சைத் தகரப்பெட்டி ஒன்று. காலிப்பெட்டி.

"பெட்டி எதுக்குங்ணா?" என்றாள் பூவாத்தாள்.

"உன்ற சாமானம் வெக்கத்தான் அம்மிணி" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. தங்கைக்கு நல்லது என்று நினைத்து, எங்கேயோ தேடி நல்ல பெட்டியாக வாங்கி வந்திருக்கிறார். அதற்காகவே எனக்கு அவர் மேல் கோபம் வந்தது.

மறுநாள் காலை சித்தையன் பூவும் பூசணிக்காயுமாக வந்தார். கட்டு கட்டாக அடுக்கியிருந்த பத்தியை எடுத்து உருட்டிப் பார்த்தார். ஒரு குறை சொல்ல முடியவில்லை. இருந்தாலும் மனுஷன் வியாபாரி அல்லவா? "சரிதான். ஆனா போன தடவையும் பன்னிரண்டு நாள் நேராத்தானே இருந்தது? அடுத்த மழைக்கு என்ன ஆகுமோ, யாரு கண்டா?" என்றார். மாரிசாமி அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"மொதல்ல பூஜை. குச்சியை அப்புறம் வச்சுப் பாருங்க" என்று நான் அதட்டினேன்.

பூவாத்தாளின் திட்டம் இது. பலகைக்கு ஈரப் பூவால் ஒரு தொடல், சந்தனப் பொட்டு, கற்பூரம். அவ்வளவுதான். மூத்தவர் என்று முதல் மரியாதையை அண்ணனுக்குக் கொடுத்தாள். அவரிடம் விவரம் சொல்லத்தான் மறந்துவிட்டாள். ராமாபுரத்தில் ஆயுத பூஜை என்றால் ஏர், மண்வெட்டி, வண்டி, மாடு எல்லாவற்றையும் குளிப்பாட்டித்தான் பொட்டு வைப்பார்கள். மனுஷன் பயபக்தியோடு மூலையில் இருந்த பித்தளைக் குடத்தைத் தூக்கினார், "மாதேஸ்வரா" என்றார், முழுக் குடத்தையும் பலகையின் மேல் கவிழ்த்தார்.

"அய்யோ அண்ணே!" என்று ஸ்டானிஸ்லாஸ் போட்ட அலறலில் என் கோழிகள் எல்லாம் கத்தின. கௌரம்மா நெஞ்சில் கை வைத்தாள். சித்தையன் திறந்த வாயை மூடவில்லை. நான் மாரிசாமியை என்னென்ன திட்டினேன் என்று இங்கே எழுதவில்லை, மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று. அந்த மனுஷன் காலிக் குடத்தோடு, செய்த தப்பு என்னவென்று தெரியாமல் முழித்தார்.

பூவாத்தாள் பலகையையே பார்த்தாள். தண்ணீர் சேப்பங்கிழங்கு இலை மேல் ஓடுகிற மாதிரி முத்து முத்தாக ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தாள்.

"அடியிலயும் ஒரு குடம் ஊத்துங்கண்ணா" என்றாள்.

"பைத்தியமாடி உனக்கு?" என்றேன்.

"தினமும் காலையில குடிக்கறதுதானுங்கக்கா. இன்னைக்கு எல்லாரும் பாக்கக் குடிக்கட்டும்." இன்னொரு குடத்தை அவளே எடுத்துக் கொடுத்தாள். மாரிசாமி தங்கை முகத்தைப் பார்த்தார். குனிந்து, பலகைக்கு அடியில் வீசி வீசி ஊற்றினார்.

பூஜை நடந்தது. பூசணிக்காய் உடைந்தது. எல்லோருக்கும் என் வீட்டில்தான் சாப்பாடு. கௌரம்மா போட்ட ஒப்பட்டுப் போளியை ஸ்டானிஸ்லாஸ் ஒன்றுகூட முழுசாகத் தின்னவில்லை. நடுநடுவே எழுந்துபோய்ப் பார்த்து, தண்ணீர் நின்ற ஓர் இடத்தில் அரக்கு வெளுத்திருக்கிறது என்று வந்து சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து வெளுப்பு மறைந்துவிட்டது என்று வந்து சொன்னார். "உட்கார்ந்து சாப்பிடுங்க, பிரசவம் பார்க்கற மாதிரி நடக்காதீங்க" என்றேன். எனக்கும் சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

வெயில் சாய்ந்தபோது கொட்டகைக்குப் போனோம். பூவாத்தாள் பலகையைத் துடைத்தாள். சித்தையன் மூங்கில் குச்சியைக் குறுக்கே வைத்தார். அந்தப் பக்கம் விளக்கு. கண்ணைத் தாழ்த்தினார். இடம் மாற்றி வைத்தார், மறுபடி பார்த்தார். ஓரத்தில் வைத்தார், மூலைக்கு மூலை வைத்தார். கடைசியில் அந்தப் பெரிய உடம்பை மடக்கி மண்டியிட்டு, அடியில் கைவிட்டுத் தடவினார்.

"வெளிச்சம் இல்லை" என்றார் எழுந்து. "நாளைக்கு விஜயதசமி. நாளன்னிக்கு மாவு அனுப்பறேன். இனி மழைக்காலத்துக்கும் இங்கதான்."

எட்டுப் பெண்களும் போட்ட கூச்சலில் தெருவே வந்துவிட்டது. கௌரம்மா பூவாத்தாளைத் தூக்கிச் சுற்றினாள். என் வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்பிரிட் வாடை என்றார். அன்றைக்கு ஸ்பிரிட் சீசாவைத் திறக்கவே இல்லை.

மாரிசாமி மூலையில் இருந்த தகரப்பெட்டியை இழுத்துத் திறந்தார். சத்தியம் சத்தியம்தான் என்று கிளப்பிவிடப் போகிறாரோ என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் ஒரு கட்டுப் பத்தியை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து அளவு பார்த்தார்.

"ஏன் அம்மிணி, மலை மேல கடை வெச்சிருக்கறவிய எல்லாம் பத்திக்குக் கொள்ளேகாலுக்கு ஓடறாங்க. இந்தப் பெட்டி எத்தன கட்டு புடிக்கும்?"

பூவாத்தாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சித்தையன்தான், "முதல்ல வாசனை ஏத்தணும் மாராயா, நாளைக்கு ஏத்தித் தர்றேன்" என்று பெட்டியைத் தன் ஆளிடம் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் எல்லோரும் யானை ஊர்வலம் பார்த்தோம். அதற்கு மறுநாள் மாரிசாமியை வழியனுப்ப நானும் பூவாத்தாளும் பஸ்ஸடிக்குப் போனோம். பெட்டி கனமோ கனம். மேலே ஏற்றின கிளீனர் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஊதுபத்தி வாசனை ஊரைத் தூக்குதே! யாருய்யா நீங்க, வியாபாரிங்களா?" என்று கேட்டான்.

மாரிசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பூவாத்தாளோட அண்ணனுங்க" என்றார்.

அவள் என் கையை எட்டிப் பிடித்தாள். பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் ஒன்று உடைந்துபோயிற்று. நான் திட்டவில்லை.